பந்தாவும் பண்பும்: டர்பன் கூடைப்பந்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், மெரிபேங்க் பகுதிகளில் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பிள்ளைகள் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-வின் ஆட்டக்காரர்களைப் பார்த்து வளர்கிறார்கள். ஆடுவதோ உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் சட்டப்படி. திரையில் கைதட்டல் வாங்கிய செயல் சனிக்கிழமை காலை பள்ளி மைதானத்தில் ஃபவுலாக முடிவது பெரும்பாலும் இந்த வேறுபாட்டால்தான். கீழே 'சட்டம்' என்று மட்டும் இருந்தால் அது ஃபீபா சட்டம். என்பிஏ விதி வரும் இடத்தில் அதைப் பெயர் சொல்லியே குறித்திருக்கிறோம்.

பந்தா காட்டினாலே பண்பில்லாத ஆட்டக்காரர் என்று அர்த்தமா?

இல்லை. வேடிக்கையும் வித்தையும் இந்த ஆட்டத்தோடு கூடவே வளர்ந்தவை. 1920-களில் சிகாகோவில் உருவான ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் அணி, விரல் நுனியில் பந்தைச் சுழற்றியும் முதுகுக்குப் பின்னால் பாஸ் கொடுத்தும் ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்தது. 1976-ல் டென்வரில், என்பிஏ-வுக்குப் போட்டியாக இருந்த ஏபிஏ லீக் நடத்திய டங்க் (தாவிப் பந்தை வளையத்துக்குள் அழுத்திப் போடுவது) போட்டியில் ஜூலியஸ் எர்விங் ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து தாவிப் போட்ட டங்க்கை இன்றும் பிள்ளைகள் யூடியூபில் தேடிப் பார்க்கிறார்கள். அதே டங்க், 1967 முதல் 1976 வரை அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் தடை செய்யப்பட்டிருந்தது. தடை போனதால் ஆட்டம் கெட்டுவிடவில்லை, இன்னும் அழகாகத்தான் ஆனது.

எல்லையை எங்கே போடுவது என்றால், பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அதை யாரைப் பார்த்துச் செய்தாய்? 1992 என்பிஏ இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் மைக்கேல் ஜோர்டன் முதல் பாதியிலேயே ஆறு த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளிக் கூடை) போட்டுவிட்டு, வர்ணனையாளர் மேசைப் பக்கம் திரும்பித் தோளைக் குலுக்கினார். தனக்கே நம்ப முடியவில்லை என்பது போன்ற குலுக்கல் அது. எதிரணியில் யாருக்கும் அதில் இழிவு இல்லை. 2001 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் ஆலன் ஐவர்சன், கீழே விழுந்து கிடந்த டைரன் லூவைத் தாண்டிக் காலெடுத்து வைத்தார். அன்று 48 புள்ளி எடுத்த மாபெரும் ஆட்டம் அது. ஆனாலும் அந்த ஒரு அடி, விழுந்தவனைப் பார்த்து வைத்த அடி. அன்று நடுவர்கள் ஊதவில்லை. உங்கள் பிள்ளை செய்தால் ஊதப்படும்.

இந்த எல்லையைக் கற்றுக்கொண்ட ஆட்டக்காரர் ஒருவரும் இருக்கிறார். காங்கோவில் பிறந்த டிகெம்பே முட்டோம்போ, ஷாட்டைத் தடுத்ததும் ஆள்காட்டி விரலை ஆட்டி 'இங்கே நடக்காது' என்று காட்டுவார். எதிராளியின் முகத்துக்கு நேரே ஆட்டினால் டெக்னிக்கல் (ஒழுங்குமீறலுக்கான ஃபவுல்) என்று என்பிஏ அறிவித்ததும், அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி ஆட்டத் தொடங்கினார். விரலும் ஆட்டமும் பழையவையே. மாறியது திசை மட்டும், அதனால் குற்றமும் போயிற்று. நாட்டாலில் நம் பெரியவர்கள் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொன்ன தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கட்டியக்காரன் கேலி பேசும்போது சபையைப் பார்த்துத்தான் பேசுவான்.

எந்தெந்தச் செயலுக்கு டெக்னிக்கல் ஃபவுல்?

உடல் மோதல் இல்லாத ஒழுங்குமீறல்களுக்கு உரியது டெக்னிக்கல். நடுவர், மேசையில் இருப்பவர்கள், எதிரணி ஆகியோரிடம் மரியாதையின்றிப் பேசுவது அல்லது தொடுவது, புண்படுத்தும் சொல் அல்லது சைகை, எதிராளியைச் சீண்டுவது, கண்ணுக்கு அருகே கையை ஆட்டிப் பார்வையை மறைப்பது, முழங்கையை வேகமாக வீசுவது, வளையத்தில் தொங்குவது, ஃபவுல் வாங்கியதுபோல் நடித்து விழுவது. கூடைக்குள் விழுந்த பந்தை வேண்டுமென்றே தட்டிவிட்டு ஆட்டத்தைத் தாமதப்படுத்துவதும் இதில் சேரும். அதற்கு முதலில் அணிக்கு எச்சரிக்கை, அடுத்த முறை டெக்னிக்கல்.

பிள்ளைகள் அதிகம் மாட்டுவது இந்தக் கடைசி வகையில். கூடை போட்ட மகிழ்ச்சியில் பந்தைப் பிடித்து மேலே எறிவார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. ஆனால் எதிரணி உடனே பந்தை எடுத்து உள்ளே போடும் உரிமையை அது தட்டிப் பறிக்கிறது. பந்து வலையை விட்டு வந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு விலகப் பழக்குங்கள்.

டெக்னிக்கல் விழுந்தால் மேசையில் என்னென்ன நடக்கும்?

நடுவர் இரு கைகளையும் டி வடிவில் காட்டுவார். ஸ்கோர் ஷீட்டில் அந்த ஆட்டக்காரரின் ஃபவுல் கட்டத்தில் 'டி' எழுதப்படும். அது அவருடைய ஐந்து ஃபவுல்களில் ஒன்று; ஐந்தும் ஆனால் அவர் மேற்கொண்டு ஆட முடியாது. அணியின் அந்தக் குவார்ட்டர் ஃபவுல் கணக்கிலும் சேரும். எதிரணியில் யார் வேண்டுமானாலும் ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடைக்கு ஓர் எறி, எறியலாம். பிறகு ஆட்டம் நின்ற இடத்திலிருந்து, பந்து யாரிடம் இருந்ததோ அவர்களிடமே தொடரும். டெக்னிக்கல் விழுந்தால் பந்தும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பழைய விதி.

இரண்டு டெக்னிக்கல், அல்லது இரண்டு அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் (பண்பற்ற மோதலுக்கான ஃபவுல்), அல்லது வகைக்கு ஒன்று என்று சேர்ந்தால் ஆட்டக்காரர் வெளியேற்றப்படுவார். ஷீட்டில் 'ஜிடி' என்று எழுதப்படும். வெளியேறியவர் பெஞ்சிலோ பார்வையாளர் வரிசையிலோ உட்காரக் கூடாது. உடை மாற்றும் அறைக்குப் போய் ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும், அல்லது கட்டடத்தை விட்டே போக வேண்டும். திறந்தவெளி மைதானத்தில் அறை இல்லையென்றால், ஆட்டம் கண்ணில் படாத இடத்துக்குப் பொறுப்பான பெரியவர் ஒருவர் கூட்டிப்போக வேண்டும். பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள்.

பயிற்சியாளரின் சொந்த நடத்தைக்கு விழுவது 'சி', பெஞ்சில் இருப்பவர்களின் நடத்தைக்கு அவர் பெயரில் விழுவது 'பி'. இவை அணி ஃபவுல் கணக்கில் சேரா. இரண்டு 'சி', அல்லது 'சி'-யும் 'பி'-யும் கலந்து மூன்று என்றால் பயிற்சியாளரே வெளியே.

என்பிஏ-வில் டெக்னிக்கல் வாங்கியும் சிரித்துக்கொண்டு ஆடுகிறார்களே?

அங்கே ஓர் ஆட்டக்காரர் ஆறாவது ஃபவுலில்தான் வெளியேற வேண்டும். டெக்னிக்கல் அந்த ஆறில் சேராது. தண்டனை பெரும்பாலும் பணத்தில். ஒரு சீசனில் முதல் ஐந்து டெக்னிக்கலுக்குத் தலா 2,000 டாலர், ஆறு முதல் பத்துவரை 3,000, பதினொன்று முதல் பதினைந்துவரை 4,000. பதினாறாவதுக்கு 5,000 டாலரோடு ஓர் ஆட்டத் தடை. அதன்பின் ஒவ்வோர் இரண்டுக்கும் இன்னோர் ஆட்டத் தடை. ஒரே ஆட்டத்தில் இரண்டு வாங்கினால் அங்கேயும் வெளியேற்றம்தான். 2000-01 சீசனில் ரஷீத் வாலஸ் 41 வாங்கினார்; அந்தச் சாதனையை எந்தப் பிள்ளையும் விரும்பக் கூடாது.

இங்கே ஒரு டெக்னிக்கல் வாங்கியவனுக்கு மிஞ்சுவது நான்கு ஃபவுல். முதல் குவார்ட்டரிலேயே வாங்கிவிட்டால், தற்காப்பில் அவன் கை தானாகவே பின்வாங்கிவிடும். எதிரணிப் பயிற்சியாளர் அவன் காக்கும் பக்கமாகவே ஆட்டத்தைத் திருப்புவார். ஷீட்டில் ஒரு புள்ளியாகத் தெரிந்தாலும், உண்மையில் விட்டுக்கொடுத்தது அதைவிட நிறைய.

டங்க் போட்டபின் வளையத்தில் தொங்கலாமா?

டங்க் போட்ட வேகத்தில் ஒரு கணம் பிடித்துக்கொள்வதைச் சட்டம் அனுமதிக்கிறது. கீழே யாராவது நின்றால், விட்டால் இருவருக்கும் அடிபடும் என்றால், தொங்கி நிதானித்து இறங்குவதும் சரி. அது நடுவரின் முடிவு. உடல் எடையை வளையத்தில் ஏற்றி ஊசலாடினாலும், முழங்காலை மடக்கித் தன்னை மேலே இழுத்தாலும் டெக்னிக்கல்.

சட்டத்தைவிட இரும்புதான் எங்களுக்குப் பெரிய கவலை. 1979-ல் டாரில் டாகின்ஸ் சில வாரங்களுக்குள் இரண்டு கண்ணாடிப் பலகைகளை டங்க் போட்டு உடைத்தார். அதன்பின்தான் அழுத்தினால் மடங்கி மீளும் ஸ்பிரிங் வளையங்கள் பெரிய லீக்குகளில் பரவின. ஃபீபா தரத்தில் அந்த வளையம் சுமார் 82 முதல் 105 கிலோ எடையில்தான் மடங்க வேண்டும். நம் பள்ளி மைதானங்களில் பலவற்றில் இருப்பதோ பலகையில் போல்ட் போட்டு இறுக்கிய சாதாரண வளையம். அது மடங்காது. தொங்குபவரின் எடை முழுவதும் நான்கு போல்ட்டுக்கும் பலகைக்கும் போகிறது. டர்பன் கடற்காற்றில் உப்பு அதிகம். வெளியே வண்ணம் பளபளப்பாக இருந்தாலும் நட்டுக்குப் பின்னால் துரு தின்றிருக்கும். முதலில் வளையம் முன்பக்கம் ஓரிரு சென்டிமீட்டர் சாயும். ஷாட்டுகள் எல்லாம் குட்டையாக விழுவதாகப் பிள்ளைகள் சொல்வார்கள். அப்போதே பார்க்காவிட்டால் ஒருநாள் பலகையோடு கீழே வரும்.

மாதம் ஒருமுறை ஏணி வைத்து இவற்றைப் பாருங்கள்: வளையத்தின் உயரம் எல்லாப் பக்கமும் 3.05 மீட்டர் இருக்கிறதா. போல்ட் தலைகளைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை வழிந்திருக்கிறதா. கையால் ஆட்டினால் சத்தம் வருகிறதா. வலை மாட்டும் கொக்கியில் கூர்முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா. கறை வழிந்த போல்ட்டை இறுக்குவதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கடலோரத்துக்குத் துத்தநாகப் பூச்சு உள்ளதோ ஸ்டெயின்லெஸ்ஸோ நல்லது.

நெட்பால் கம்பத்தில் மட்டும் யாரும் தொங்கவே கூடாது. அதன் வளையமும் 3.05 மீட்டர் உயரம்தான், அதனால் பையன்களுக்கு ஆசை வருகிறது. பல கம்பங்கள் தரையில் ஊன்றப்படாமல் அடிப்பாகத்தின் எடையிலேயே நிற்பவை. இழுத்தால் கம்பம் ஆளின் மேலேயே சாயும்.

கையில் மோதிரம், கயிறு, காப்பு எதுவும் இருக்கக் கூடாது. வளையத்தில் மோதிரம் சிக்கி உடல் எடை இழுத்தால் விரலின் தோலும் சதையும் உரிந்து வந்துவிடும். கோயில் காப்புக் கட்டியிருக்கும் நாட்களில் ஆட வேண்டாம் என்று வீட்டிலேயே முடிவெடுப்பது நல்லது. மேசையருகே அறுக்கச் சொல்வது பிள்ளைக்கு மனவருத்தம்.

த்ரீ போட்டதும் கையைத் தூக்கி நிற்பது, ஓய்வெடுக்கும் சைகை காட்டுவது: இதில் என்ன தவறு?

யாரையும் பார்த்துக் காட்டாவிட்டால் பண்பில் தவறில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் பிரான்சுக்கு எதிராக எட்டு த்ரீ போட்ட ஸ்டீபன் கரி, கன்னத்தில் கைவைத்து 'தூங்கப் போகலாம்' என்று காட்டினார். ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், முடிவு தெளிவான பிறகு வந்த சைகை அது. பிள்ளைகள் அதை முதல் குவார்ட்டரில் காட்டுகிறார்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

மைதானம் 28 மீட்டர் நீளம். கூடை விழுந்தாலும், நான்காம் குவார்ட்டரிலும் கூடுதல் நேரத்திலும் கடைசி இரண்டு நிமிடம் தவிர, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரணி ஒரு விநாடியில் பந்தை எடுத்து உள்ளே போட முடியும். நல்ல ஓட்டக்காரர் விநாடிக்கு ஆறேழு மீட்டர் ஓடுவார். நீங்கள் இரண்டு விநாடி நின்று கையைக் காட்டினால், நீங்கள் காக்க வேண்டியவர் 12 முதல் 14 மீட்டர் முன்னால் போயிருப்பார். அது ஏறக்குறைய பாதி மைதானம். மூன்று புள்ளி எடுத்து உடனே இரண்டு கொடுத்தால் மிச்சம் ஒன்று.

பழக்க வேண்டிய வரிசை இது: பந்து கையை விட்டதும் கால் தரையில் படட்டும், விழுந்ததா என்று பாருங்கள், பின்பக்கமாக மூன்று அடி ஓடிக்கொண்டே எதிராளி எங்கே என்று கண்டுபிடியுங்கள், பிறகு கையைத் தூக்குங்கள். ஓடும் கால்களோடு தூக்கிய கைக்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். பந்து விழும் முன்பே திரும்பிக் கொண்டாடுவது கரி போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் எறிந்து சம்பாதித்த பழக்கம். லேக்கர்ஸ் அணியில் இருந்தபோது நிக் யங் அப்படித் திரும்பிக் கை விரித்த ஒரு த்ரீ வளையத்தில் சுழன்று வெளியே வந்துவிட்டது. அந்தக் காட்சி இன்றும் சுற்றுகிறது.

முதுகுக்குப் பின்னால் பாஸ், பார்க்காமல் பாஸ்: இதெல்லாம் வெறும் பந்தாதானே?

எதிராளியை ஏமாற்றினால் ஆட்டம், ஏமாற்றாவிட்டால் பந்தா. ஜோகனஸ்பர்க்கில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஸ்டீவ் நாஷ், 2005, 2006 இரண்டு ஆண்டும் என்பிஏ-வின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர். அவருடைய பாஸ்களில் கண்ணும் தோளும் ஒரு பக்கம் போகும், பந்து இன்னொரு பக்கம் போகும். தற்காப்பவர் கண்ணைப் பின்தொடர்ந்து ஓரடி வைத்தால் போதும், கூடைக்கு வழி திறந்துவிடும்.

முதுகுப் பாஸின் தேவையும் அப்படித்தான். எதிராளியின் கை உங்கள் முன்பக்கப் பாஸ் பாதையில் இருக்கும்போது, பந்தை உங்கள் உடலால் மறைத்துக் கொண்டுபோக அது உதவுகிறது. முதலில் இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று, உள்ளங்கை பந்தின் வெளிப்பக்கம் இருக்க, இடுப்பைச் சுற்றி எதிர்ப்பக்கம் மணிக்கட்டால் தள்ளுங்கள். தள்ளி முடிக்கும்போது விரல்கள் வாங்குபவரின் மார்பை நோக்க வேண்டும். பந்து இடுப்பில் இடித்தால் கை உடலோடு ஒட்டியிருக்கிறது என்று பொருள். உயரமாகப் பறந்தால் மணிக்கட்டை மேல்நோக்கித் திருப்பிவிட்டீர்கள். ஒவ்வொரு கையிலும் இருபது முறை தவறாமல் போன பிறகு நான்கு மீட்டருக்கு நகருங்கள். எதிரில் யாரும் இல்லாதபோது இதைச் செய்து பந்தைத் தொலைப்பது, கூட ஓடிவந்த நால்வரின் உழைப்பை வீணாக்குவது.

வாய்ச்சவடால் எதுவரை?

ஆட்டத்தைப் பற்றிய பேச்சு காலம் காலமாக உண்டு. 1986-ல் என்பிஏ-வின் முதல் த்ரீ பாயிண்ட் போட்டிக்கு முன், இரண்டாம் இடம் யாருக்கு என்று லாரி பேர்ட் சக போட்டியாளர்களிடம் கேட்டாராம். அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டும் அவரே வென்றார். 'இந்தப் பக்கம் வராதே, தடுத்துவிடுவேன்' என்று மெதுவாகச் சொன்னால் பெரும்பாலான நடுவர்கள் விட்டுவிடுவார்கள். அதையே கூடை போட்டபின் முகத்தருகே வந்து சொன்னால் சீண்டல்.

தாய், தங்கை, உடல், நிறம், இனம், மதம், பேசும் விதம் ஆகியவற்றை எடுத்தால் அது பேச்சே இல்லை. இந்த நாட்டின் வரலாற்றை அறிந்த எவருக்கும் அதன் எடை தெரியும். நம் பிள்ளைகளைப் பார்த்து வரும் பழைய வசைச்சொல் எவ்வளவு வலிக்குமோ, அவர்கள் வாயிலிருந்து ஆப்பிரிக்கப் பிள்ளைகளைப் பார்த்து வரும் சொல்லும் அவ்வளவு வலிக்கும். சில வீடுகளில் பெரியவர்கள் சாதாரணமாகப் புழங்கும் சொல்லே மைதானத்துக்கு வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட பேச்சுக்கு நடுவர் டெக்னிக்கலோடு நிறுத்த வேண்டியதில்லை; நேராக வெளியேற்றலாம், போட்டி நடத்துவோருக்கு அறிக்கையும் போகும். 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி வெறுப்புப் பேச்சைச் சமத்துவ நீதிமன்றம்வரை கொண்டுபோக முடியும்.

துப்பாக்கி போல் விரல் நீட்டுவதும் குற்றமா?

ஆம். 2025 ஏப்ரலில் இப்படிச் சைகை காட்டியதற்காக ஜா மொராண்டுக்கு என்பிஏ 75,000 டாலர் அபராதம் போட்டது. கழுத்தறுப்பது போன்ற சைகையும் இதே வகை. இரவில் உண்மையான துப்பாக்கிச் சத்தம் கேட்டு விழிக்கும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் ஆட வருகிறார்கள். அவர்கள் முன் இது விளையாட்டுச் சைகை அன்று.

நடித்து விழுந்து ஃபவுல் வாங்குவது சாமர்த்தியமா, ஏமாற்றா?

ஏமாற்று. லேசான தொடுதலுக்குத் தலையைப் பின்னால் வீசுவது, த்ரீ எறியும்போது காலை முன்னால் நீட்டி எதிராளிமேல் விழுவது எல்லாம் இதில் அடங்கும். ஃபீபா முறையில் நடுவர் முன்னங்கையை இருமுறை உயர்த்திக் காட்டுவார். ஆட்டம் அடுத்து நிற்கும்போது ஆட்டக்காரரிடமும் பயிற்சியாளரிடமும் எச்சரிக்கை சொல்வார். அந்த எச்சரிக்கை அணி முழுவதற்கும் பொருந்தும். அதன்பின் யார் நடித்தாலும் டெக்னிக்கல். எதிராளி முழங்கையால் அடித்ததாகக் காட்டும் பெரிய நடிப்புக்கு எச்சரிக்கையும் இல்லை. என்பிஏ 2012-ல் அபராதத்தில் தொடங்கி, 2023-24 சீசனில் ஆட்டத்தின்போதே ஒரு ஃப்ரீ த்ரோ கொடுக்கும் முறைக்கு வந்தது.

உண்மையாகவே மோதலை ஏற்றுச் சார்ஜ் (ஓடிவந்து இடித்தவர்மேல் விழும் ஃபவுல்) வாங்குவது வேறு. அது துணிச்சலான, நேர்மையான தற்காப்பு. எதிராளிக்கு முன்பே இடத்தைப் பிடித்து, இரு காலும் தரையில், மார்பு அவருக்கு நேராக, கைகள் உடலை ஒட்டி இருக்க வேண்டும். இடி மார்பில் விழும். புட்டத்தில் உட்கார்ந்து முதுகில் வழுக்குங்கள், முகவாய் மார்பைத் தொடட்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு முறியும்.

வேண்டுமென்றே இடித்தால்? சண்டை வந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பந்தை ஆட நியாயமான முயற்சி இல்லாத மோதல், அளவுக்கு மீறிய இடி, வேகமாக முன்னேறும் எதிராளியைத் தேவையின்றித் தடுக்கும் பிடி, கூடைக்குத் தனியே ஓடுபவரைப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ தள்ளுவது: இவை அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக். பொதுவாக இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் எதிரணிக்கு. கொடூரமாக இருந்தால் உடனடி வெளியேற்றம்.

பெஞ்சுக்கு ஒரே விதி: உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து உள்ளே வராதே. 2007 மேற்குப் பிரிவு அரையிறுதியின் நான்காம் ஆட்டத்தில், சான் அன்டோனியோவின் ராபர்ட் ஹோரி ஸ்டீவ் நாஷை இடித்து மேசையில் மோதவிட்டார். நாஷின் அணியான ஃபீனிக்ஸ் சன்ஸின் பெஞ்சிலிருந்து அமரே ஸ்டவுடமைரும் போரிஸ் டியாவும் சில அடி உள்ளே வந்துவிட்டார்கள். யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் இருவருக்கும் ஓர் ஆட்டத் தடை. ஹோரிக்கு இரண்டு ஆட்டம். அடுத்த ஆட்டத்தை சன்ஸ் மூன்றே புள்ளியில் தோற்றது, தொடரும் 4-2 என்று போயிற்று. அநியாயம் நடந்தது அவர்களுக்கு, அதிக விலை கொடுத்ததும் அவர்களே. நண்பனுக்காக எழும் கால் நல்ல மனத்திலிருந்துதான் எழுகிறது. அதனால்தான் முன்கூட்டியே பழக்க வேண்டும்: பெஞ்சின் இரு முனையிலும் நிதானமான ஆட்டக்காரர்களை உட்கார வையுங்கள், சத்தம் கேட்டதும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபீபா சட்டத்தில் தலைமைப் பயிற்சியாளரும் முதல் உதவிப் பயிற்சியாளரும் நடுவருக்கு உதவ உள்ளே வரலாம். வேறு யார் வந்தாலும் வெளியேற்றம்.

முப்பது புள்ளி முன்னிலையில் கடைசி விநாடிவரை கூடை போடுவது மரியாதையா?

போட்டியின் அமைப்பைப் பொறுத்தது. ஒற்றை ஆட்டம், கடைசி 24 விநாடிக்குள் பந்து உங்களிடம், முடிவு தெளிவு என்றால் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தை ஓடவிடுவது எழுதப்படாத வழக்கம். ஆனால் குழுச் சுற்றில் சமநிலை வந்தால் புள்ளி வித்தியாசம் பார்க்கப்படும். அங்கே கடைசி கூடையும் கணக்குதான், அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. ஆட்டத்துக்கு முன்பே இரு பயிற்சியாளர்களும் இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் கடைசி நிமிடத்தில் கோபம் வராது.

பெரிய முன்னிலையில் மரியாதை காட்டப் பல வழி உண்டு: எதிரணியை மைதானம் முழுவதும் நெருக்கித் தடுக்கும் பிரஸ்ஸை நிறுத்துங்கள், பெஞ்சில் இருப்பவர்களை இறக்குங்கள், ஐந்து பாஸுக்குப் பிறகே ஷாட் என்று வையுங்கள். வேண்டுமென்றே தவறவிடுவது மட்டும் வேண்டாம். தோற்கும் பிள்ளைக்கு அது பரிதாபமாகத் தெரியும், அதைவிடக் கசப்பானது வேறில்லை.

கிரிக்கெட்டில் தானாகவே அவுட் என்று நடப்பதுபோல, 'என் கையில் பட்டது' என்று நடுவரிடம் சொல்ல வேண்டுமா?

சட்டம் கேட்கவில்லை. சொன்னால் நடுவர் மகிழ்ச்சியோடு ஏற்கலாம், தன் முடிவிலேயே நிற்கவும் செய்யலாம். கேட்டால் பொய் சொல்லாதே என்பது குறைந்தபட்சம்.

நடுவர் தவறாக ஊதினால்?

ஆட்டம் நின்று கடிகாரமும் நின்றிருக்கும்போது, கேப்டன் மட்டும் மரியாதையாக விளக்கம் கேட்கலாம். 'ஏன் ஊதினீர்கள்' என்பதைவிட 'எந்தக் கை, எந்த நம்பர்' என்று கேட்டால் பதில் கிடைக்கும். ஸ்கோர், நேரம் தொடர்பான பிழை திருத்தப்படாமல் போனால், ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் கேப்டன் நடுவரிடம் தெரிவித்து ஷீட்டில் அதற்குரிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஃபவுலா இல்லையா என்ற முடிவுக்கு இந்த வழி இல்லை. நடுவர்களும் பொறுப்புக்கு உட்பட்டவர்களே: 2007-ல் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்ததற்காக டிம் டங்கனை வெளியேற்றிய ஜோயி கிராஃபோர்டை என்பிஏ அந்த சீசனின் மிச்சப் பகுதி முழுவதும் விலக்கி வைத்தது. அது லீக் நடவடிக்கையால் நடந்தது, மைதானத்தில் கத்தியதால் அன்று.

தோற்றபின் கைகுலுக்க மனம் வரவில்லை என்கிறான். கட்டாயப்படுத்தலாமா?

ஆம், கட்டாயப்படுத்துங்கள், ஆனால் சிரிக்கச் சொல்லாதீர்கள். 1991-ல் சிகாகோவிடம் நான்கு ஆட்டமும் தோற்ற டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், கடைசி ஆட்டத்தில் சில விநாடிகள் மிச்சமிருக்கும்போதே கைகுலுக்காமல் வெளியே நடந்தது. இரண்டு முறை சாம்பியன் ஆன அணி அது. இன்றும் ஐசையா தாமஸின் பெயரோடு அந்த நடையும் சேர்ந்தே பேசப்படுகிறது. அதே அணியில் ஆடிய ஜோ டுமார்ஸின் பெயரைத்தான் என்பிஏ-வின் பண்பாளர் விருதுக் கோப்பை தாங்குகிறது. 1996-ல் அதை முதலில் பெற்றவரும் அவரே. ஒரே அணி, ஒரே தோல்வி, இரண்டு பெயர்கள்.

கண்ணைப் பார், கையைக் கொடு, 'நல்ல ஆட்டம்' என்று சொல், நகரு. பத்துப் பேருக்கு அரை நிமிடம். அழுகை வந்தால் அழுதுகொண்டே கொடுக்கலாம்.

பெற்றோர் ஓரத்தில் நின்று என்ன சொல்லலாம்?

பிள்ளையின் பெயர் சொல்லி உற்சாகம், நல்ல ஆட்டத்துக்கு எந்த அணியானாலும் கைதட்டல். 'பாஸ் குடு, ஷாட் அடி' என்ற கட்டளைகள் வேண்டாம். பயிற்சியாளர் வேறொன்று சொல்லியிருப்பார், பிள்ளை நடுவில் நின்று தடுமாறும். எதிரணிப் பிள்ளை ஃப்ரீ த்ரோ எறியும்போது கூச்சல் போடுவது தொழில்முறை அரங்குகளில் வழக்கம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எதிராகப் பெரியவர்கள் செய்யக் கூடாது.

என் தம்பி டெக்னிக்கல் வாங்கிவிட்டான், ஆட்டம் இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது. இப்போது என்ன?

உடனே மாற்று ஆளை இறக்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் பெஞ்சுக்குப் போகாதீர்கள், அண்ணனின் முகத்தைப் பார்த்தால் அவனுக்குக் கோபமோ அழுகையோ கூடும். பெஞ்சில் முதல் இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம்; தண்ணீர், துண்டு, மூச்சு. டர்பன் புழுக்கத்தில் பாதிக் கோபம் தாகம்தான். பிறகு ஒருவர் மட்டும், முடிந்தால் வயதில் மூத்த ஆட்டக்காரர், மூன்று விஷயம் சொல்லட்டும்: உனக்கு இப்போது எத்தனை ஃபவுல், இன்னொரு டெக்னிக்கல் என்றால் வெளியே, உள்ளே போனதும் நீ காக்க வேண்டிய நம்பர் எது. நடந்தது சரியா தவறா என்ற பேச்சு வேண்டாம், அது வீட்டுக்குப் போகும் வழியில் காரில் பேசிக்கொள்ளலாம். தன் ஃபவுல் எண்ணிக்கையையும் காக்க வேண்டிய நம்பரையும் அவன் வாயாலேயே சரியாகச் சொன்னால் திரும்ப இறக்கலாம். சொல்லாமல் நடுவரையே முறைத்துக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் உட்காரட்டும்.